படித்தது கணக்கில் வரட்டும்

(உயர்கல்வி வழிகாட்டல் கூட்டம் ஒன்றில் மாணவர்கள், பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையில் போனோடு உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, பக்கத்தில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் அப்பா, அம்மாக்களே! போனை உள்ளே வைக்கச் சொல்லப் போறதில்லை. இன்னைக்குப் பேசப் போற விஷயத்துக்கு அந்தப் போன் தேவைப்படும்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் ஒரு கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. "சார், அமெரிக்காவுல ஸ்கூல் படிக்கும்போதே காலேஜ் பாடத்தை முடிச்சுடறாங்களாமே. அதனால டிகிரியைச் சீக்கிரமே வாங்கிடறாங்களாமே. நம்ம பசங்களுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாதா?"

நல்ல கேள்வி. ஒரு வருஷம் மிச்சமானால் ஒரு வருஷக் கட்டணம் மிச்சம், ஒரு வருஷ பஸ் செலவும் விடுதிச் செலவும் மிச்சம். பிள்ளை ஒரு வருஷம் முன்னாடியே சம்பளம் வாங்கும். அதனால் இதை ஆர அமரப் பார்ப்போம். அங்கே என்ன நடக்குது, இங்கே என்ன இருக்கு, நீங்கள் என்ன செய்யணும் என்று வரிசையாகச் சொல்றேன்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே காலேஜ் போர்டு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், சுருக்கமாக ஏ.பி., என்ற திட்டத்தை 1950களிலிருந்து நடத்துகிறது. பள்ளி மாணவர்கள் கால்குலஸ், இயற்பியல், உயிரியல், வரலாறு, கணினி அறிவியல் போன்ற பாடங்களைக் கல்லூரி முதலாண்டுத் தரத்தில் பள்ளியிலேயே படிக்கலாம். மே மாதத்தில் தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 எடுத்தால் தகுதி பெற்றதாகக் கருதுகிறார்கள்.

அந்த மதிப்பெண்ணை, சேரப்போகும் கல்லூரிக்கு அனுப்பி வைக்கணும். கல்லூரி ஏற்றுக்கொண்டால் பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் கொஞ்சம் வரவு வைக்கும். அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். நாலைந்து பாடங்களில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு ஒரு செமஸ்டர் அளவுக்குக்கூட மிச்சமாகலாம்.

ஆனால் எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஒரு பல்கலைக்கழகம் 3 போதும் என்கிறது, இன்னொன்று 5 கேட்கிறது. சில கல்லூரிகள், "உனக்கு அடிப்படைப் பாடத்திலிருந்து விலக்கு உண்டு, அடுத்த நிலைப் பாடத்தில் உட்காரலாம். ஆனால் கிரெடிட் கிடையாது" என்கின்றன. அதாவது வகுப்பு மாறும், ஆண்டு குறையாது. சில கல்லூரிகள் எதையுமே ஏற்பதில்லை.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் இருக்கு. படித்தது உங்களுடையது, அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது, நீங்கள் சேரப்போகும் கல்லூரி. நம்ம ஊருக்கும் இது அப்படியே பொருந்தும். இன்னைக்கு நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்றால் இதையே கொண்டு போங்க.

நம்ம +2 மார்க், வருஷத்தைக் குறைக்குமா?

நேராகச் சொல்லிடறேன். குறைக்காது. +2 கணிதத்தில் 100க்கு 100 எடுத்தாலும், பி.எஸ்சி.யோ பி.இ.யோ சேர்ந்தால் முதல் செமஸ்டர் கணிதத்தை எல்லாரையும் போல எழுதியே ஆகணும். நம்ம ஊரில் +2 மதிப்பெண் கல்லூரிக்குள் நுழைவதற்கான சீட்டு. கட்-ஆஃப் கணக்குப் போட்டு இடம் கிடைத்ததும் அதன் வேலை முடிஞ்சுடும்.

ஸ்வயம் இணையதளத்தில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கும் பாடங்கள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தை நன்றாகப் புரிந்துகொள்ள அவை உதவும். ஆனால் அவற்றை முடித்தால் கல்லூரியில் கிரெடிட் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

அப்படின்னா நமக்கு வழியே இல்லையா? இருக்கு. ஏற்கெனவே படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு முழு ஆண்டையே குறைக்கும் வழி தமிழ்நாட்டில் பல காலமாக இருக்கிறது. அமெரிக்க முறையைப் பற்றி யூடியூபில் பார்த்தவர்கள்கூடப் பக்கத்து ஊர் பாலிடெக்னிக்கில் இருக்கும் இந்த வழியை விசாரிப்பதில்லை.

நேரடி இரண்டாம் ஆண்டு

முதல் வழி, பாலிடெக்னிக் டிப்ளமோ. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் முதலாண்டில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் படிப்பார்கள். ஆனால் +2வில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களும், தொழிற்பிரிவு படித்தவர்களும், பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களும் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் இதை நன்றாகக் காதில் வாங்கிக்கோங்க. பட்டறையில் செலவழித்த அந்த இரண்டு வருஷத்துக்கு இங்கே மதிப்பு உண்டு. அரசு பாலிடெக்னிக்குகளுக்கு டி.என்.பாலி இணையதளம் வழியாகப் போனிலேயே விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது வழி, டிப்ளமோவிலிருந்து பொறியியல். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ., பி.டெக். படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். லேட்டரல் என்ட்ரி என்று சொல்வது இதைத்தான். இதற்குத் தனிக் கவுன்சலிங் உண்டு. டி.என்.எல்.இ.ஏ. என்ற இணையதளத்தில் பதிவு செய்யணும். காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இந்தச் சேர்க்கையை நடத்தி வருகிறது. வழக்கமாகக் கோடையில் அறிவிப்பு வரும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்தே அந்தப் பக்கத்தை வாரம் ஒரு முறை பார்த்து வாங்க. கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்து பதிவுத் தேதியை விட்டுடாதீங்க. ரிசல்ட்டுக்கு முன்பே பதிவு செய்ய முடியுமா என்று அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டில் பாருங்க. எந்த டிப்ளமோ பிரிவுக்கு எந்தப் பொறியியல் பிரிவு என்பதும் அதிலேயே இருக்கும்.

மூன்றாவது, கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கும் பொறியியல் இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு. ஆனால் முதலாண்டில் வரும் பொறியியல் வரைபடம், பொறியியல் இயக்கவியல் ஆகிய பாடங்களை இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து எழுதி முடிக்கணும்.

இப்போ கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு முடித்த நாளிலிருந்து பி.இ. பட்டம் வாங்கும் நாள் வரை எத்தனை வருஷம்?

- +2 இரண்டு, பி.இ. நாலு. மொத்தம் 6.
- டிப்ளமோ மூன்று, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. மூன்று. இதுவும் 6.
- ஐ.டி.ஐ. இரண்டு, நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோ இரண்டு, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. மூன்று. மொத்தம் 7.
- +2 இரண்டு, நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோ இரண்டு, பி.இ. மூன்று. மொத்தம் 7.

இரண்டாவது வரியைப் பாருங்க. டிப்ளமோ வழியாகப் போனவருக்கு ஒரு வருஷம்கூட வீணாகவில்லை. நடுவில் பணக் கஷ்டம் வந்து நிறுத்த வேண்டியிருந்தாலும் கையில் டிப்ளமோ இருக்கும், அதை வைத்து வேலைக்குப் போகலாம். மூன்றாவது வரியில் போனவர் ஒரு வருஷம் கூடுதலாகப் படிக்கிறார், ஆனால் மூன்று சான்றிதழோடு வெளியே வருகிறார். அதே ஐ.டி.ஐ. மாணவர் விவரம் தெரியாமல் டிப்ளமோ முதலாண்டில் சேர்ந்திருந்தால் 7 என்பது 8 ஆகியிருக்கும். தெரிந்த ஒருத்தர் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும்.

மிச்சமான வருஷத்துக்கு ஒரு விலை உண்டு

இதையும் மறைக்காமல் சொல்லணும். நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு மூன்றாம் செமஸ்டர்தான் முதல் செமஸ்டர். அங்கே வரும் கணிதம், முதலாண்டுக் கணிதம் தெரியும் என்ற எண்ணத்தோடு நடத்தப்படும். வகையிடல், தொகையிடல் எல்லாம் கைவசம் இருக்கணும். டிப்ளமோவில் பட்டறை வேலையில் கில்லாடியாக இருந்த பிள்ளைகளில் சிலர் இந்தக் கணிதத்தில் அரியர் வைப்பதற்குக் காரணம் இதுதான். மூளை இல்லாமல் இல்லை, நடுவில் ஒரு படி இல்லை.

அதனால் கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்கும் வரை கிடைக்கும் வாரங்களை வீணாக்காதீங்க. முதலாண்டு கணிதப் புத்தகத்தை ஒரு சீனியரிடம் வாங்கி வையுங்க. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. கல்லூரியில் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தினால் முதல் ஆளாகப் போய் உட்காருங்க.

ஆங்கிலத்தில் எழுதுவதும் சிலருக்குச் சிரமமாக இருக்கும். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்காகப் பின்வாங்க வேண்டாம். முதல் ஒரு செமஸ்டர் திணறல் இருக்கும், பழகிப் போகும்.

கல்லூரிக்குள் வந்த பிறகு சம்பாதிக்கும் கிரெடிட்

கிரெடிட் என்றால் என்ன என்று இங்கே சொல்லிடறேன். ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தால் பொதுவாக அது ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். பாடத்தில் தேர்ச்சி பெற்றால் மட்டுமே அது உங்கள் கணக்கில் ஏறும். அரியர் இருக்கும் பாடத்துக்குக் கிரெடிட் வராது.

வகுப்பறையில் மட்டும் கிரெடிட் சம்பாதிக்கணும் என்பதில்லை. ஸ்வயம் தளத்தில் உள்ள பாடங்களை முடித்து அந்தக் கிரெடிட்டைப் பட்டத்தில் சேர்க்கலாம். ஒரு செமஸ்டரில் நடத்தப்படும் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படி ஸ்வயம் வழியாகப் படிக்க அனுமதிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டு விதிகளில் சொல்லியிருக்கிறது. "அனுமதிக்கலாம்" என்ற சொல்லைக் கவனிங்க. எந்தெந்தப் பாடங்கள், எத்தனை என்பதை உங்கள் பல்கலைக்கழகமும் கல்லூரியும் முடிவு செய்யும்.

என்.பி.டி.இ.எல். பாடத்துக்கு எப்படி மதிப்பெண் என்றும் தெரிஞ்சுக்கோங்க. வாரா வாரம் போனிலேயே வீட்டுப்பாடம் செய்து அனுப்பணும், அதற்கு 25. கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. வீட்டுப்பாடத்தில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 எடுத்தால் சான்றிதழ். படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதாமல் விட்டால் அறிவு மிஞ்சும், கிரெடிட் வராது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு நெருக்கமான ஒரு வழியும் நம்ம ஊரிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். பட்டப்படிப்பு. பள்ளி மேல்நிலை வகுப்பில் இருக்கும்போதே இதன் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பித்துப் படிக்கலாம், +2 முடித்ததும் சேரலாம். அடிப்படை நிலை, டிப்ளமோ நிலை, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிப்படியாகப் போகும். எந்தப் படியில் நின்றாலும் அந்தப் படிக்குரிய சான்றிதழ் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஜே.இ.இ. எழுதாதவர்களும் சேரலாம்.

கிரெடிட்டுக்கு ஒரு வங்கி

இப்படிச் சேரும் கிரெடிட்டை எல்லாம் ஒரே இடத்தில் வைக்கத்தான் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், சுருக்கமாக ஏ.பி.சி., என்ற கணக்கு வந்திருக்கிறது. 2021இல் தொடங்கியது. 12 இலக்க எண் கொடுப்பார்கள். இப்போது அபார் ஐ.டி. என்று சொல்வதும் இதோடு இணைந்ததுதான்.

இதைப் போனிலேயே செய்யலாம்:

1. டிஜிலாக்கர் செயலியைத் திறங்க. கணக்கு இல்லை என்றால் ஆதார் எண்ணோடு இணைந்த மொபைல் எண்ணை வைத்துத் தொடங்குங்க.
2. தேடும் இடத்தில் ஏ.பி.சி. அல்லது அபார் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்க.
3. உங்கள் கல்லூரியைத் தேர்வு செய்து, சேர்ந்த ஆண்டு, பதிவு எண் போன்ற விவரங்களைக் கொடுங்க.
4. வரும் 12 இலக்க எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்க. கல்லூரி அலுவலகத்திலும் கொடுங்க.

இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பிரௌசிங் சென்டரில் செய்தால் அவர்கள் உழைப்புக்கு ஏதாவது கேட்கலாம், அது வேறு. ஆனால் ஓ.டி.பி.யைச் சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து வராதீங்க. நீங்களே தட்டச்சு செய்துவிட்டு, வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிட்டு வாங்க.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. கணக்கைத் தொடங்குவது மட்டும்தான் உங்கள் வேலை. கிரெடிட்டை அதில் ஏற்றுவது கல்லூரியோ பல்கலைக்கழகமோ. நீங்களாக மார்க் ஷீட்டைப் படம் பிடித்து ஏற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் கணக்கைத் திறந்து பாருங்க. ஏறவில்லை என்றால் தேர்வுப் பிரிவில் கேளுங்க. நாலு வருஷம் கழித்துக் கேட்பதைவிட அந்த செமஸ்டரிலேயே கேட்பது எளிது.

இந்தக் கணக்கில் உள்ள கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை செல்லும். இது யாருக்கு முக்கியம் தெரியுமா? படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு. கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்தது, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போச்சு, கடையைப் பார்த்துக்க ஆள் இல்லை என்று இரண்டாம் வருஷத்தோடு நின்ற பெண்களும் பையன்களும் நம்ம ஒவ்வொரு தெருவிலும் இருக்காங்க. "அதெல்லாம் போச்சு, இனிமே எங்க" என்று அவர்களே சொல்வார்கள். தேர்ச்சி பெற்ற பாடங்கள் எங்கேயும் போகவில்லை. பழைய மார்க் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு முதலில் படித்த கல்லூரிக்கே போய், மறுபடி சேர என்ன விதி, எந்தப் பாடங்கள் கணக்கில் வரும் என்று கேட்கச் சொல்லுங்க. வருஷம் போகப் போக வாய்ப்பு சுருங்கும். அப்படி ஒருத்தர் உங்கள் வீட்டிலேயே இருந்தால் இன்னைக்கே பேசுங்க.

இனிஷியல் எங்கே இருக்கு?

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் இதில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக. மூன்றிலும் ஆள் ஒருத்தர்தான். ஆனால் கணினிக்கு மூன்று பேர். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால் கிரெடிட் கணக்கு சரியாக இணையாது.

இன்றிரவு வீட்டில் ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், +2 அல்லது டிப்ளமோ மார்க் ஷீட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்க. மார்க் ஷீட் சரியாக இருந்து ஆதாரில் மட்டும் வேறுபாடு என்றால் ஆதார் மையத்தில் திருத்திக்கொள்வது எளிது. மார்க் ஷீட்டிலேயே பிழை இருந்தால் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பார்க்கணும். அதற்கு நாளாகும். அதனால் சேர்க்கை தொடங்கும் முன்பே ஆரம்பியுங்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதும் இதே பெயர் வடிவத்தையே கொடுங்க.

சேரும் முன்பு கேளுங்க, எழுத்தில் கேளுங்க

ஏற்கெனவே படித்தது கணக்கில் வருமா என்பதைக் கட்டணம் கட்டிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். அட்மிஷன் கவுன்டரில் இருப்பவர், "அதெல்லாம் பாத்துக்கலாம், முதல்ல சேருங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. முதல்வரிடமோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமோ எழுத்தில் கேளுங்க. இந்த ஐந்து கேள்விகள் போதும்:

1. நான் முடித்த பாடங்களில் எவை எவை ஏற்கப்படும்?
2. கிரெடிட் கிடைக்குமா, அல்லது வகுப்புக்கு வருவதில் மட்டும் விலக்கா?
3. என் பழைய மதிப்பெண் இறுதிச் சராசரியில் சேருமா, அல்லது தேர்ச்சி என்று மட்டும் வருமா?
4. ஆன்லைன் பாடம் எடுக்க முன் அனுமதி யாரிடம், எந்தத் தேதிக்குள் வாங்கணும்?
5. இதனால் படிப்புக் காலமோ கட்டணமோ குறையுமா?

கடிதம் எழுதத் தயங்குபவர்களுக்காக ஒரு மாதிரி. அப்படியே போனில் தட்டச்சு செய்து அனுப்பலாம்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். நான் இந்த ஆண்டு தங்கள் கல்லூரியில் (படிப்பின் பெயர்) சேர விரும்புகிறேன். இதற்கு முன் (படிப்பு, நிறுவனம், முடித்த ஆண்டு) முடித்துள்ளேன். மதிப்பெண் சான்றிதழ்களையும் பாடத்திட்டத்தையும் இணைத்துள்ளேன். இவற்றில் எந்தப் பாடங்களின் கிரெடிட் இப்படிப்பில் ஏற்கப்படும் என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பாடத்திட்டத்தை இணைப்பது முக்கியம். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து யாரும் கிரெடிட் தர மாட்டார்கள். உள்ளே என்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம் என்று பார்த்துத்தான் ஒப்பிடுவார்கள். அதனால் பழைய கல்லூரியை விட்டு வெளியே வரும்போது டி.சி.யோடு சேர்த்துப் பாடத்திட்டத்தின் பிரதியையும் வாங்கிக்கோங்க. பதில் கடிதம் வந்தால் டிஜிலாக்கரில் ஒரு படியை ஏற்றி வையுங்க.

ஒரு எச்சரிக்கை

வருஷத்தைக் குறைக்கலாம் என்று பேசும்போது, அதை வைத்துக் காசு பார்க்கிறவர்களைப் பற்றியும் பேசணும். "ஒரே வருஷத்தில் டிகிரி", "ஒரே சிட்டிங்கில் பரீட்சை", "உங்க அனுபவத்தை கிரெடிட்டா மாத்தித் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை நம்பாதீங்க. நான் இதுவரை சொன்ன எல்லா வழியிலும் நீங்கள் உண்மையாகப் படித்திருக்கணும், தேர்வு எழுதியிருக்கணும். அது இல்லாமல் வரும் சான்றிதழ் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும்போது, பணமும் போகும், பேரும் போகும். பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பணம் கட்டும் முன் பெயரைப் பார்த்துக்கோங்க. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்க.

இந்த வாரத்துக்கான வேலை

நிறையச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம்.

+2 படிப்பவர்கள்: பொறியியல்தான் வேண்டும், இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை என்றால், டிப்ளமோ நேரடி இரண்டாம் ஆண்டையும் மாற்று வழியாகக் குறித்து வையுங்க.

ஐ.டி.ஐ., டிப்ளமோ கடைசி ஆண்டில் இருப்பவர்கள்: அடுத்த சேர்க்கைக்கான இணையதளத்தைப் போனில் சேமித்து வையுங்க. கணிதப் புத்தகத்தைத் திறங்க.

கல்லூரியில் இருப்பவர்கள்: ஏ.பி.சி. கணக்கைத் திறந்து போன செமஸ்டர் கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று பாருங்க.

பெற்றோர்கள்: பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்க. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் பழைய மார்க் ஷீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்க.

கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்க. மைக் பின்வரிசைக்கும் வரும்.